சட்டப் புத்தகத்திலே ஒரு செத்த சொல்

வட்டுக்கோட்டையிலே 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் தமது செமினரியைத் தொடங்கிய காலந்தொட்டு யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவர்கள் ஆங்கில இலக்கியம் பயின்று வருகின்றனர். சேக்ஸ்பியரையும் மில்டனையும் கற்கப் புகுந்த மாணவன், வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மனனஞ் செய்வதை நாம் காண்கிறோம். 'தௌ' என்றால் நீ. 'ஹித்தர்' என்றால் இங்கே. பரீட்சைத்தாளிலே இவற்றுக்குப் புள்ளியுங் கிடைக்கிறது. ஆனால் அம்மாணவனையும், அவனுடைய பெற்றோரையும், அவர்கள் குடியிருக்குங் காணியையும், அவனுடைய தமக்கையின் சீதனத்தையும் நேராகச் சுட்டி நிற்கும் வழக்கொழிந்த ஆங்கிலச் சொல்லொன்று உண்டு. அதைப்பற்றி நமது வகுப்பறைகளிலே பேச்சே எழுவதில்லை.

அச்சொல் 'மலபார்' என்பதாகும்.

மலபார் என்றதும் இன்றைய வாசகர் நினைவில் எழுவன கேரளத்தின் வடபகுதியும், கோழிக்கோடும், மிளகுந்தாம். ஆயினும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக ஆங்கிலத்திலே இச்சொல்லுக்கு இரண்டாவதொரு பொருளும் இருந்தது. தமிழர் என்பதும், தமிழ்மொழி என்பதுமே அப்பொருள். யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி இவ்விரண்டாம் பொருளைத் தனியே பிரித்து விளக்குகிறது. பேச்சிலும் எழுத்திலும் அப்பொருள் இன்று செத்துப்போயிற்று. எனினும் ஓரிடத்தில் மாத்திரம் அதனைப் புதைக்க எவருக்கும் மனம் வரவில்லை. அவ்விடம் இலங்கையின் சட்டப் புத்தகமாகும்.

தேசாதிபதி தோமஸ் மெயிற்லன்ட் காலத்திலே பிறந்த 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி, தேசவழமையை யாழ்ப்பாண மாகாணத்து 'மலபார் வாசிகளின்' வழக்கங்கள் என்று வரையறுத்து, அதற்கு முழுச் சட்டவலுவும் அளித்தது. மலபார் வாசிகளுக்கிடையே எழும் வழக்குகளும், மலபார் வாசியொருவர் எதிராளியாக நிற்கும் வழக்குகளும் அதன்படியே தீர்க்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. எனவே காணி உறுதி எழுதும் நொத்தாரிசும், வழக்காடும் அப்புக்காத்தும், தீர்ப்புரைக்கும் நீதவானும் இச்சொல்லின் நிழலிலேதான் தொழில் நடத்தி வந்திருக்கின்றனர். வகுப்பறைக்குத் தெரியாத சொல், காணி வழக்கிலே தலைமுறை தலைமுறையாக ஆட்சி செய்திருக்கிறது.

இச்சொல் நம்மீது எவ்வாறு வந்து படிந்தது? மலையையுங் கரையையுங் கொண்ட மேற்குக் கடற்புறத்துக்கு அரபு வணிகர் வழங்கிய பெயர் அது. 1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்கிய போர்த்துக்கேயர் அப்பெயரை ஏற்றுக்கொண்டனர். பின்னர் கிழக்குக் கரைக்குச் சென்றபோது, தாம் மேற்கிலே கேட்ட பேச்சோடு உறவுடைய பேச்சை அங்கேயுங் கேட்டனர். பெயரையும் கூடவே கொண்டு சென்றனர். கொல்லத்தில் 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் முதல் தமிழச்சு நூலின் போர்த்துக்கேயத் தலைப்பிலே மலபார் என்பதும் தமிழ் என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒல்லாந்தர் அதே வழக்கத்தைத் தொடர்ந்தனர். யாழ்ப்பாணத்திலே போதகராயிருந்த பால்தேயஸ் 1672இல் வெளியிட்ட பெருநூல், நமது ஊர்களின் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் விரித்துரைத்தது. நமது மொழிக்கு மலபார் மொழி என்றே பெயர் சூட்டியது. கண்டியரசனின் சிறையிருப்பிலிருந்து 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடி வந்த ரொபேட் நொக்ஸ், இரண்டாண்டு கழித்து இலண்டனிலே தமது நூலை அச்சிட்டபோது, வழியிற் கண்ட வடபுலத்து மக்களை மலபாரிகள் என்றே எழுதினார்.

இவற்றையெல்லாம் அறியாமையால் விளைந்த பிழை என்று மன்னித்துவிடலாமென்று சிலர் கருதக்கூடும். அவர்களுக்கு நாம் வேறு சில ஆண்டுகளை நினைவூட்ட விரும்புகிறோம். தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்க் 1716இல் ஹாலே நகரில் அச்சிட்ட இலக்கண நூலின் பெயரிலேயே தமிழ் என்ற சொல்லை முதன்மையாக வைத்து, மலபார் என்பதை மாற்றுப் பெயராக ஒதுக்கிவிட்டார். சென்னை வேப்பேரியில் 1779இல் வெளிவந்த பப்ரிசியஸ் அகராதி, ஐரோப்பியர் மலபார் என்று பொதுவாக அழைக்கும் தமிழ்மொழி என்று தன் முகப்பிலேயே விளக்கஞ் சொல்லிற்று. கற்றவர்கள் இவ்வாறு திருத்தஞ் செய்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரே மெயிற்லன்டின் ஒழுங்குவிதி பிறந்தது. ஆகவே அங்கே குறைவாயிருந்தது அறிவன்று. ஆளப்படுவோரின் பெயர் சரியோ பிழையோ, அதனால் ஆள்வோருக்கு வரி குறைவதில்லை. ஆதலால் திருத்தவேண்டிய அவசியமும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் நோக்குவோம். 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம், கண்டி மாகாணங்களின் ஆட்சியில் 'மலபார்' இனத்தாருக்கிருந்த உரிமை யாவும் ஒழிந்ததாகப் பிரகடனஞ் செய்தது. 'மலபார் சாதி' ஆடவர் அம்மாகாணங்களுக்குத் திரும்பி வருவதையுந் தடுத்தது. அங்கே அச்சொல் குறித்தது மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் மரபை. அவர்களுடைய மூதாதையர் தெலுங்கு பேசியவர்கள். ஆக, ஒன்பது ஆண்டுகளுக்குள் ஒரே அரசின் இரண்டு ஆவணங்களிலே ஒரே சொல், யாழ்ப்பாணத்திலே காணிச் சொந்தக்காரனுக்குப் பட்டயமாகவும், கண்டியிலே அரச குடும்பத்துக்கு நாடுகடத்தும் ஓலையாகவும் நின்றது. பொருள் இன்னதென்று வரையறுக்கப்படாத சொல் ஆள்வோன் கையிலே வசதியான கருவியாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலக்கியத்தில் அச்சொல் செய்த வேலை இன்னும் ஆழமானது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் இலண்டனிலே இரு பாகங்களாக வெளியிட்ட 'இலங்கை' என்னும் நூல், ஆங்கிலங் கற்ற இலங்கையர் பல தலைமுறையாக விரும்பிப் படித்த நூலாகும். அதிலே பண்டைக்காலப் படையெடுப்பாளரைப் பற்றிப் பேசும் பல இடங்களில் மலபாரிகள் என்ற சொல்லே வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய போர்வீரனும், பருத்தித்துறையிலே வெங்காயம் நடும் கமக்காரனும் ஒரே பெயரைத் தாங்கும்போது, படிப்பவன் உள்ளத்திலே எவ்வகை எண்ணம் வேரூன்றும்? 'வாசி' என்று சட்டம் சொன்னவனை 'வந்தேறி' என்று வரலாறு சொல்லிற்று; இரண்டுக்கும் ஒரே சொல்லே வாகனமாயிற்று. பின்னாளிலே இந்நாட்டைப் பிடித்த இனப்பகைக்கு இச்சொல்லே காரணம் என்று கூறுமளவுக்கு நாம் பேதையரல்லோம். ஆயினும் பகையை வளர்த்தவர்களுக்கு ஆயத்தமாய்க் கிடந்த விறகுகளில் இதுவும் ஒன்று.

அதே 1859ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தில் வேறோர் ஆங்கில நூல் அச்சேறியது. சைமன் காசிச்செட்டி எழுதிய 'தமிழ் புளூட்டாக்' அது. புலவர் வரலாறுகளை ஆங்கிலத்திலே தொகுத்த அப்பெருமகன், தம் நூலின் முகப்பிலே தமிழ் என்ற பெயரைத் தயக்கமின்றிப் பொறித்தார். மூன்றாண்டு கழித்து, 1862இல் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதியும் தன்னைத் தமிழ் ஆங்கில அகராதி என்றே அழைத்துக்கொண்டது. அந்த அகராதிப் பணி யாழ்ப்பாணத்து மிஷனரிமாரிடையே தொடங்கியது என்பதை நாம் அறிவோம். நமது மண்ணின் அச்சுக்கூடத்திலும் அகராதியிலும் அன்றே மாண்டுபோன சொல், சட்டப் புத்தகத்தில் மாத்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இந்நாட்டுக்கு வெளியே அச்சொல்லின் கதி வேறு. பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1841இல் மொரிசியசுத் தீவிலும் ரியூனியன் தீவிலுந் தங்கிச் சென்றவர். 'மலபார்ப் பெண்ணொருத்திக்கு' என்னுந் தலைப்பிலே அவர் ஒரு கவிதை பாடினார். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், ரியூனியனின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பலர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே 'மல்பார்' என்றே அழைக்கப்படுகின்றனர். அப்பெயரைத் தமதென்று ஏற்றும் வாழ்கின்றனர். கரும்பு வெட்டிய கைகள் தமதாக்கிக்கொண்ட பெயர் அது. அதனை இகழ்தற்கு நமக்கு உரிமையில்லை. நாம் இங்கே ஆராய்வது, அப்பெயர் யாழ்ப்பாணத்துச் சட்டத்திலே யாருக்குக் கவசமாயிற்று, யாருக்கு விலங்காயிற்று என்பதையே.

இவ்விடத்தில் தமிழ்மானம் பேசும் நண்பர்கள் சிலர் நம்மை இடைமறிப்பர். அந்நியன் சூட்டிய இழிபெயரை அழித்து, அவ்விடத்திலே தமிழர் என்று எழுதிவிட்டாற் போதும் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் பாதி உண்மையுண்டு. ஆனால் அந்தப் பாதியும் ஏற்கெனவே நடந்தேறிவிட்டது. யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தேசவழமை ஏற்புடைய 'தமிழர்' என்றே பேசுகிறது. அங்கே மலபாரி இல்லை. சொல் மாறிற்று, உள்ளே இருந்த மனிதரின் நிலை மாறியதா? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

இதற்கு விடை காண, 1707ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். ஒல்லாந்த தேசாதிபதி சைமன்ஸ் கட்டளையிட, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் நமது வழக்கங்களைத் தொகுத்தார். அத்தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, முதலியார்கள் பன்னிருவரிடம் சரிபார்க்கக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். ஊரின் வழமை எதுவென்று சொல்லப் பன்னிரண்டு முதலியார்கள் போதுமாயிருந்தனர். கமத்திலே உழுதவனையும், பனை ஏறியவனையும், பெண்ணையும் எவருங் கேட்டிலர். கேளாமலே எழுதப்பட்ட அந்த 'வழமை', கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நான்கு சமூகத்தாரை அடிமைகள் என்று வகுத்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பாகுபடுத்திய அதே ஏட்டிலே, உழைக்கும் மனிதனும் சொத்தாக எழுதப்பட்டான்.

ஒல்லாந்தன் எழுதியதை ஆங்கிலேயன் துடைத்தெறிந்தானா? மெயிற்லன்டின் 1806ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, வேளாளர் முதலிய உயர்சாதியாருக்கும் கோவியர், நளவர், பள்ளர் முதலிய தாழ்சாதியாருக்கும் இடையிலுள்ள உரிமைகளைப் பற்றிய வழக்குகளும் பண்டைய வழக்கப்படியே தீர்க்கப்படும் என்று சாதிப்பெயர்களை வெளிப்படையாகக் குறித்து எழுதிற்று. 'மலபார் வாசி' என்ற போர்வைக்குள்ளே அனைவருஞ் சமமாய்ப் படுத்திருக்கவில்லை என்பது இதனால் விளங்கும். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இலங்கையில் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது. அது ஒழிந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின்னர், 1957இல், சமூகக் குறைபாடுகளைத் தடுப்பதற்கு 21ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது. அச்சட்டமும் போதாமல் 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து தாழ்த்தப்பட்ட மக்கள் ஊர்வலம் புறப்படவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அவர்கள் மறிக்கப்பட்டு நிற்கவேண்டியிருந்தது. அந்நியன் நம்மை மலபாரி என்று அழைத்ததற்காகக் கொதிக்கும் உள்ளம், நமது முதலியார்கள் நமது அயலவனை அடிமை என்று எழுதி ஒப்பமிட்டதற்காக ஏன் கொதிப்பதில்லை? முதலாவது பெயர்ப்பிழை, இரண்டாவது உயிர்ப்பிழை.

பெண்ணின் நிலையை எடுத்துக்கொள்வோம். தேசவழமை பெண்ணுக்குச் சீதனத்தால் சொத்துரிமை அளித்த முற்போக்குச் சட்டம் என்று பழமை பேணுவோர் பெருமை கொள்வதுண்டு. சீதனமாகக் காணி எழுதப்படுவது உண்மை. அக்காணியை அவள் ஆள்வதெப்படி? தமிழர் என்ற திருத்தமான பெயரைத் தாங்கிவந்த அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டமே, மணமான பெண் தனது அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. சம்மதம் பெற வழியில்லையேல் மாவட்ட நீதிமன்றத்தின் வாசலிலே அவள் காத்து நிற்கவேண்டும். 1947இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோதும் இவ்விதி நீக்கப்படவில்லை. நூறாண்டைக் கடந்தும் அது நீடித்தது. 2009இல் போர் முடிந்தபின், கணவன் உயிரோடிருக்கின்றானா என்பதே தெரியாத நிலையில் விடப்பட்ட பெண்களுக்கு, இவ்விதியின் கொடுமை நன்கு விளங்கியது. காணாமற் போனவனிடம் கையொப்பம் வாங்குவது எங்ஙனம்? காணி அவளுடையது, பிள்ளையின் பசியும் அவளுடையது, பேனா மாத்திரம் வேறொருவன் கையிலே.

இறுதியாக, அத்தொடரின் இரண்டாஞ் சொல்லாகிய 'வாசி' என்பதைக் கவனிப்போம். மலபார் வாசி யார் என்ற வினா நியாயத்தலங்களிலே மீண்டும் மீண்டும் எழுந்தது. 1913ஆம் ஆண்டின் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் வழக்கு, தேசவழமை இலங்கைத் தமிழர் அனைவருக்கும் பொதுவான இனச்சட்டம் ஆகாது, வடமாகாணத்தை வாழ்விடமாகக் கொண்ட தமிழருக்கே அது உரியது என்ற நிலைப்பாட்டை உறுதிப்படுத்தியது. சட்ட நுணுக்கம் என்ற அளவிலே அதிற் குறைகாண நாம் வரவில்லை. ஆனால் அதே சொல்லின் மற்றொரு பயணத்தை மறந்துவிடலாகாது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துசென்ற ஏழைத் தமிழரையும் ஆங்கிலேயர் 'மலபார்க் கூலி' என்றே குறித்தனர். யாழ்ப்பாணத்து முதலியாருக்கும் வழியிலே காய்ச்சலால் விழுந்து மாண்ட கூலியாளுக்கும் ஒரே பெயர்! 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவர்களை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அப்பிரிவினருள் இரண்டாமவரில் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. அக்காலத்திலே வடபுலத்துத் தலைவர்கள் ஒரே குரலில் அவர்களுக்காக நின்றார்களா? நிற்கவில்லை. அப்பிளவிலிருந்தே 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது என்பது வரலாறு. 'வாசி' என்ற தகுதி காணியுள்ளவனுக்குக் கிடைத்தது. காட்டை வெட்டிக் காணியாக்கியவனுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நமது நிலைப்பாட்டைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். மலபார் என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்படத்தான் வேண்டும். பழைய சொற்கள் கழிவதை நன்னூலார்கூட வழுவாகக் கொள்ளவில்லை. அதற்காக எவருங் கண்ணீர் விடவேண்டியதில்லை. ஆனால் பெயரை மாற்றும் அந்த நாளையே வெற்றிவிழாவாகக் கொண்டாட நினைப்பவர்களோடு நாம் உடன்படவியலாது. பெயர்ப்பலகையைத் துலக்கிவிட்டு வீட்டினுள்ளே பழைய நாற்றத்தைப் பேணுவது மறுமலர்ச்சியாகாது. தேசவழமையின் ஒவ்வொரு விதியும் தமிழிலே, மக்கள் விளங்கும் தமிழிலே, வெளிப்படையாக விவாதிக்கப்படவேண்டும். 1707இல் பன்னிரண்டு முதலியார்கள் அமர்ந்த ஆசனங்களிலே இன்று யார் அமர்வது என்பதே முதற்கேள்வி. கணவனை இழந்தவளும், அன்று அடிமையென எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும், வன்னியிலே குடியேறி வாழும் மலையகத்து மக்களும் அந்த ஆசனங்களிலே அமராதவரை, புதிதாக எழுதப்படும் எந்த வழமையும் பழைய முதலியார் வழமையின் மறுபதிப்பாகவே முடியும்.

ஆசிரிய நண்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளிதானது. அடுத்த முறை வகுப்பிலே வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் எழுதும்போது, அவற்றின் கீழே மலபார் என்றும் எழுதுங்கள். அதன் பொருளை மாணவரே தேடிக் கண்டறியட்டும். அகராதியிலே தொடங்கி, காணி உறுதியிலே நுழைந்து, தம் வீட்டுத் தாய்மாரிடம் கேள்வி கேட்டு வரட்டும். மாணவ இளைஞர்களே! உங்கள் தாயின் பெயரிலே எழுதப்பட்ட உறுதியை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அதிலே யார் யாருடைய கையொப்பம் இருக்கிறது, யாருடைய கையொப்பம் ஏன் வேண்டப்பட்டது என்று கேளுங்கள். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் விடை சொல்லும்வரை கேட்டுக்கொண்டேயிருங்கள்.